தவிட்டுக்கு வாங்கிய ராஜபார்ட்

செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு யோகேஸ்வரன் இறந்துபோனார். அப்போது அவர் பரமக்குடியில், தன் வீட்டில், டிவிக்கு எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சீரியலில் அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தார்கள். மூக்கில் பஞ்சு. நெற்றியில் ஒற்றை ரூபாய். மூன்று மகள்களும் பெட்டியின்மேல் விழுந்து அழுதார்கள். அவர் மனைவி முருகலட்சுமி தோசைக்கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே தோசை கருகியது. அவள் நகரவில்லை.

"வயிறு ஏறி எறங்குது," என்றாள்.

உண்மைதான். அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் நடிக்கிற மனிதருக்கு மூச்சைப் பிடிக்கத் தெரியவில்லை என்று கட்டிய மனைவியே சொல்கிறாள்.

விளம்பரம் முடிந்தபோது பெட்டி போயிருந்தது. சுவரில் அவருடைய போட்டோ தொங்கியது. அதற்குச் சந்தன மாலை. கீழே விளக்கு. முருகலட்சுமி வந்து டிவியை அணைத்தாள். ஏன் என்று கேட்டார். தோசை கருகிவிட்டது என்றாள். தோசைக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

யோகேஸ்வரன் நாடகக்காரர். இசை நாடகத்தில் ராஜபார்ட். ராஜாவாகவும் மாப்பிள்ளையாகவும் வந்து பாடுகிற வேஷம். நெசவுக்காரர் மகன். தறிச் சத்தத்தை மீறிப் பாடிப் பழகிய தொண்டை. பத்தொன்பது வயதில் மேடை ஏறியவர் இன்னும் இறங்கவில்லை.

அந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. ஊர்க் கமிட்டி ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைக்கும். ராஜபார்ட் பரமக்குடியிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார். பபூன் எங்கிருந்தோ வருவார். மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். எதிராளி என்ன கேட்பார் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டதற்குப் பாட்டாலோ பேச்சாலோ பதில் சொல்லியாக வேண்டும். விழித்துக்கொண்டு நின்றால் அடுத்த வருஷம் அந்த ஊரில் வேறு ராஜபார்ட். யோகேஸ்வரன் எங்கும் விழித்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தனுஷ்கோடிக்குச் சீரியல்காரர்கள் சிலர் படம் பிடிக்க வந்தார்கள். படகுக்காரராக நின்று ஒரு வரி பேச ஆள் தேவைப்பட்டது. யாரோ இவரைக் கைகாட்டினார்கள். படகு இன்றைக்குப் போகாது என்று சொல்ல வேண்டும். சொன்னார். கடலோரத்தில் சிப்பி விற்றுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, ஏன் போகாது என்று கேட்டார்கள். சவுண்டு பார்க்கிறவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டைரக்டருக்கு மட்டும் பிடித்திருந்தது. கதாநாயகியின் அப்பா வேஷத்துக்குச் சென்னைக்கு வரச்சொன்னார்.

முதல் மாதம் பாடாகத்தான் இருந்தது. யாரிடம் பேசினாலும் யோகேஸ்வரன் முன்னால் பார்த்தே பேசினார். அங்கே ஜனம் இல்லை, லைட்டுத்தான் இருந்தது. ஒரு பெண் பின்னாலிருந்து வசனத்தைப் படிப்பாள், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் அதற்குப் பதில் சொல்லிவிடுவார். மகளாக நடித்த பெண், அப்பா நான் போகட்டுமா என்று அழுதபோது இரண்டு அடி பாடிவிட்டார். டைரக்டர் பொறுமையாக, பாட்டு வேண்டாம் சார் என்றார். இவர் சீரியலை விட்டுப் போகும்வரை தினமும் ஒருமுறை அதைச் சொன்னார்.

பிறகு பழகியது. தொண்டையைத் தணித்தார். கண்ணால் பேசக் கற்றார். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் அவரை நிறுத்தி, ரெண்டாவது மருமகனை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார்கள். புர்கா போட்ட ஓர் அம்மாள் கைப்பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்து, மனசைத் தளரவிடாதீங்க என்றாள். மேடையில் அவரை ஊர் ஊராகத் தெரியும். இப்போது வீடு வீடாகத் தெரிந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றிரண்டு நாள் லீவில் ஓடிப்போய் நடித்துவிட்டு வந்தவருக்கு இந்த வருஷம் ஆடி பிறந்ததும் கால் நிற்கவில்லை. ஆடியும் ஆவணியும் அவர் பக்கத்தில் நாடக மாதங்கள். டைரக்டரிடம் போய் இரண்டு மாதம் லீவு கேட்டார். தாராளமாக எடுத்துக்குங்க சார் என்று டைரக்டர் சிரித்தார். அடுத்த வாரம் வந்த வசனத் தாளில் அவருக்கு நெஞ்சுவலி என்று எழுதியிருந்தது.

இதில் அவர் ஒரு தவறு செய்தார்.

படப்பிடிப்பில் பிணமாக நடித்தவர் எழுந்ததும் காமிராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். டிவியில் வராது. திருஷ்டிக் கழிப்பு மாதிரி. அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டி வேலை முடிய நேரமாகிவிட்டது. அடுத்த நாள் சாயல்குடிப் பக்கம் நாடகம். ராமேஸ்வரம் ரயிலைப் பிடிக்க வேண்டும். பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார். பாதி வழியில் மேனேஜர் போன் செய்தார். சிரிக்காமல் போய்விட்டீர்களே சார் என்றார். யோகேஸ்வரன் போனிலேயே சிரித்தார். அது செல்லாது என்றார் மேனேஜர்.

இதை அவர் காதர் மைதீனிடம் வேடிக்கையாகச் சொன்னார். காதர் மைதீன் ஆர்மோனியக்காரர். திருப்பாலைக்குடி. மூன்று மகன்களும் துபாயில். வாப்பா இந்த வயதில் ஊர் ஊராகப் பெட்டி தூக்கி அலைய வேண்டுமா என்று மூவரும் முறை வைத்துப் போனில் கேட்பார்கள். சிக்னல் கிடைக்கவில்லை என்று வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ஆவரேந்தலிலிருந்து போன் வந்தது.

திருப்பாலைக்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். நெல்லும் மிளகாயும். ஆவணியில் முளைக்கொட்டுத் திருவிழா நடக்கும். பெண்கள் முளைப்பாரி எடுத்து முடிந்த மறுநாள் கல்யாண நாடகம். பாண்டிய இளவரசன் முத்து வியாபாரி வேஷத்தில் வந்து உப்பளக்காரன் மகளிடம் பேச்சுக் கொடுத்து, தோற்று, ஜெயித்து, கடைசியில் தாலி கட்டுகிற கதை. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே அந்த இளவரசன் யோகேஸ்வரன்தான். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ராஜபார்ட் கட்டும் மஞ்சள் கயிற்றை நாடகம் முடிந்ததும் அவிழ்த்து, ஊரில் கல்யாணம் தள்ளிப்போகிற ஒரு பெண்ணின் கையில் கட்டுவார்கள். அடுத்த ஆவணிக்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். இதுவரை தப்பியதில்லை என்று சொல்வார்கள்.

போனில் பேசியவர் கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி. இரவு நாடகம். ராஜபார்ட்டிடம் காலையில் பேச என்ன இருக்கிறது? உடம்பு எப்படி இருக்கிறது என்றார். சாப்பிட்டீர்களா என்றார். மழை பெய்யுமா என்றார். கடைசியில், கொஞ்சம் முன்னாலேயே வந்தால் கலந்து பேசலாம் என்றார். மதுரையில் வேறொரு ராஜபார்ட்டுக்கும் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறோம் என்பதை இருமிக்கொண்டே சொன்னார்.

யோகேஸ்வரனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஊர் ஒரு நடிகனை ஆகாது என்று தள்ளினால் பக்கத்து ஊர் காரணம் கேட்காது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை முழுக்க அது போய்விடும். டிவியில் செத்தாகிவிட்டது. மேடையிலும் செத்தால் மிச்சம் தறிதான்.

ராமநாதபுரத்தில் இறங்கித் தொண்டி பஸ் ஏறினார். திருப்பாலைக்குடியில் காதர் மைதீன் ஜும்மா முடித்துவிட்டு ஆர்மோனியத்தோடு நின்றார். இருவரும் ஆட்டோ பிடித்து ஆவரேந்தல் போனார்கள். வேஷச் சாமான் பெட்டியைச் சாயங்கால பஸ்ஸில் முருகலட்சுமி கொண்டுவருவதாக ஏற்பாடு. வேஷம் உண்டா என்று தெரியாமல் பெட்டி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டாள்.

கலையரங்கத்து நிழலில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. கீழே பெண்கள் நின்றார்கள். உக்கிரபாண்டி எழுந்து வந்து யோகேஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவுமில்லை, விஷயத்துக்கு வரவுமில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒன்ஸ்மோர் கேட்கிற மனிதர். அவரால் முடியவில்லை. அவர் மனைவி ராக்குதான் பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். இந்த வருஷம் கயிறு அவர்கள் மகளுக்கு.

"அண்ணே, ஒங்க மேல எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல," என்றாள். "மூணு நாளா ஒங்க போட்டோவுக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்தியிருக்கு. நானே ஒக்காந்து அழுதேன். அழுத மனசோட, ஒங்க கையால கட்டுன கயித்த எம்மகளுக்கு எப்படி வாங்குவேன்?"

அது நடிப்புத்தானே தங்கச்சி என்றார் யோகேஸ்வரன்.

"நடிப்புத்தான். நீங்க இந்த மேடையில கட்டுற தாலியும் நடிப்புத்தான். அத நாங்க நெசம்னு எடுத்துக்கிறோம்ல? அப்ப இத மட்டும் எப்படிப் பொய்யின்னு தள்ளுறது?"

யோகேஸ்வரன் காதர் மைதீனைத் திரும்பிப் பார்த்தார். பதிலுக்கு ஆள் தேடுவது அவருக்குப் புதிதாக இருந்தது.

காதர் மைதீன் உதவிக்கு வந்தார். ஒன்றுமில்லைம்மா, ஒரு சிரிப்புத்தான் பாக்கி என்று சிரிக்காமல் வந்த கதையை விவரமாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சினிமாக்காரர்களே செய்கிற பரிகாரத்தையும் செய்யாமல் வந்திருக்கிறார். யோகேஸ்வரன் உடனே, அதையும் இப்போதே செய்துவிடுகிறேன் என்றார். கமிட்டியில் ஒருவர் போனை நீட்டிப் பிடித்தார். யோகேஸ்வரன் மார்பை நிமிர்த்தி, எதிரி நாட்டு மன்னனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார். வேலியோரம் படுத்திருந்த ஆடுகள் எழுந்து ஓடின. ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

அந்தச் சிரிப்பு அந்தக் காமிராவுக்குச் செல்லும், இந்த ஊருக்கு இந்த ஊர் முறை வேண்டும் என்றாள் ராக்கு.

இந்த ஊர் முறை என்ன என்று யோசித்தது உக்கிரபாண்டிதான். பிறந்த மூன்றாம் மாதம் அவருக்கு மூச்சு நின்று வந்ததாம். அவரைத் தவிட்டுக்கு வாங்கியிருக்கிறார்கள். தங்காது என்று பயந்த பிள்ளையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்து அவரிடமிருந்து திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன் மதிக்க மாட்டான், வேறு வேலையைப் பார்க்கப் போவான் என்பது கணக்கு. வாங்கியவள்தான் அப்புறம் தாய். உக்கிரபாண்டி எழுபதைத் தொடப்போகிறார். செத்தவராக மாலை வாங்கியவரை மறுபடி பிறந்தவராக்க இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார். கமிட்டிக்குச் சட்டென்று மூச்சு வந்தது. பெண்கள் யோசித்தார்கள். ராக்கு தலையாட்டினாள்.

யோகேஸ்வரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பிள்ளையைச் சுளகில் வைத்துக் கொடுக்க வேண்டும். நெல் புடைக்கிற ஒரு சுளகு வந்தது. அதை மணலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சுளகு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. முறை என்றால் முறை.

கொடுப்பது காதர் மைதீனுக்கு என்று முடிவாயிற்று. அவரைவிட வேறு யார் யோகேஸ்வரனை இத்தனை வருஷம் கூட வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்? காதர் மைதீன் ஒப்புக்கொண்டார். மூன்று பேர் துபாயில் இருக்கிறார்கள், இவனையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் உடனே விற்கச் சொல்கிறீர்களே என்று வருத்தப்பட்டார்.

கமிட்டி தவிடு கொண்டுவர ஆள் அனுப்பப் போனது. ராக்கு தடுத்தாள்.

"கமிட்டி எப்படித் தாயாகும்? ஒரு பொம்பள வாங்கணும்."

யார் வாங்குவது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் நின்றது. வாங்குவது விளையாட்டில்லை. வாங்கியவள் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவனுக்குக் காய்ச்சல் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டும். ஏற்கனவே மூன்று நாள் அழுதவர்கள். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒருத்தி குழந்தையை இடுப்பு மாற்றினாள்.

யோகேஸ்வரன் முறிந்த சுளகின்மேல் உட்கார்ந்திருந்தார். சென்னையில் முதல் நாள் காமிரா முன் நின்றபோதுகூட அவருக்கு இப்படி வேர்க்கவில்லை. இந்த முகங்களெல்லாம் தெரிந்த முகங்கள். இவர்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது மேடையோரம் தூங்கிப்போனவர்களைத் தாண்டித் தாண்டி இவர் பாடியிருக்கிறார். பிள்ளையாக எடுத்துக்கொள்ள ஒருத்திகூட இல்லை. காதர் மைதீன் அவர் தோளில் கை வைத்தார். மதுரை ஆளுக்குப் போன் போட்டுவிடலாமா என்று கமிட்டியில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

ராக்கு திரும்பி நடந்தாள். அவள் போவதை யோகேஸ்வரன் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தார்.

அவள் மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஒரு மரப்படி நிறையத் தவிட்டோடு வந்தாள். மேலே குவிந்திருந்ததைக் கையால் தட்டிச் சமப்படுத்திக்கொண்டே வந்தாள்.

காதர் மைதீன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா, பாதி உமியால்ல இருக்கு. எம்பிள்ளைக்கு உமியா வெலை?"

"எம்மாடு திங்கிறது பாய் இது. ஒங்க பிள்ளை என்ன அதவிட ஒசத்தியா?"

"நாலு கட்டையில பாடுவான்மா."

"டிவியில மூணு வருசம் இருந்தாரு. ஒரு பாட்டு நான் கேக்கல."

"அவங்க பாடவிடல. இங்கன பாடுவான். சாப்பாடு மட்டும் கூடுதலா வேணும். ராத்திரிக்கு மீனு இல்லாட்டி மூஞ்சியத் தூக்குவான். கொறட்டை உண்டு."

"அப்பிடின்னா நீங்கதான் எனக்குத் தவிடு தரணும்."

இப்போது கூட்டம் சிரித்தது. காதர் மைதீன் தோளிலிருந்த துண்டை விரித்தார். ராக்கு தவிட்டைக் கொட்டினாள். பிறகு யோகேஸ்வரன் முன்னால் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலே, எந்திரி."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணே என்று கூப்பிட்டவள். யோகேஸ்வரன் எழுந்தார். வேட்டியில் சுளகுச் சிம்பு ஒட்டியிருந்தது. ராக்கு அதைத் தட்டிவிட்டாள். திருநீறு பூசினாள்.

"இன்னைக்கு விடியிற வரைக்கும் வேற ஒருத்திய ஆத்தான்னு வாயால சொல்லிராத," என்றாள். "சொன்னா தவிடும் போச்சு, நீயும் போன."

"சரி ஆத்தா," என்றார். அந்தச் சொல் அவர் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

ராக்கு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். மீன் இருந்தது. டீ கேட்டதற்குத் தொண்டைக்கு ஆகாது என்று சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். உக்கிரபாண்டி எதிரே உட்கார்ந்து, இனி தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று தெரியாமல், பேச்சுக் கொடுக்கப் பயந்துகொண்டே மிளகாய் விலையைப் பற்றிப் பேசினார். யோகேஸ்வரன் ஒருமுறை அய்யா என்றார். உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொன்னார்.

நாலரை பஸ்ஸில் முருகலட்சுமி பெட்டியோடு இறங்கினாள். விஷயம் பஸ் நிறுத்தத்திலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. ராக்கு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பையன் ஏன் இப்படி இளைத்திருக்கிறான் என்று கேட்டாள்.

முருகலட்சுமி பெட்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணத்தப்பவே இவுகளுக்குத் தாய் இல்ல. மாமியா இல்லாத எடம்னு சொல்லித்தான் என்னையக் கட்டிக்கொடுத்தாக," என்றாள் புருஷனிடம். "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஆனால் ராக்குவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கும்பிட்டு எழும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யோகேஸ்வரன் பார்த்தார். மூன்று நாளாக அவள் டிவியைப் போடவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது.

மேடைக்குப் பின்னால் ஓலை மறைப்பில் உட்கார்ந்து முகத்துக்கு ரோஸ் பவுடர் பூசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. கை பாதியில் நின்றது.

முத்து வியாபாரி வந்ததும் உப்பளக்காரன் மகள் நாலு கேள்வி கேட்பாள். ஊர் என்ன, பேர் என்ன, தொழில் என்ன, தாய் யார். எந்த ஸ்திரீபார்ட்டும் கேட்காமல் விட்டதில்லை. கடைசிக் கேள்விக்கு இளவரசன் மெய்மறந்து, தன் தாய் பாண்டிமாதேவி என்று பாடிவிடுவான். அதில்தான் வேஷம் வெளியாகும். யோகேஸ்வரனை யோகேஸ்வரன் ஆக்கிய பாட்டு அது. ஆவரேந்தலில் இரண்டு தடவை ஒன்ஸ்மோர் கேட்பார்கள்.

இன்றைக்கு அதைப் பாடினால் தவிடு போச்சு. பாடாவிட்டால் என்ன சொல்வது? ராக்கு என்று சொல்லலாம். பாண்டிய இளவரசனுக்கு ஆவரேந்தல் ராக்கு தாயா என்று ஊர் சிரிக்கும். மத்தியானம் சிரித்த சிரிப்பு வேறு. சபையில் தன் பெயரைச் சொல்லிக் கேலியாக்கிவிட்டான் என்று அவள் எழுந்து போய்விட்டால் கயிற்றை யாரிடம் கொடுப்பது? பேசாமல் நிற்கலாம். நின்றால் விழித்தவன் ஆவான்.

கேள்வியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. ஸ்திரீபார்ட் ஜெயப்பிரியா. மதுரையிலிருந்து கார் அப்போதுதான் வந்திருந்தது. தவிட்டுச் சமாசாரம் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடைக்கு முன்னால் பேசிக்கொள்வதில்லை. பேசினால் மேடையில் பேச்சில் உயிர் இருக்காது. யோகேஸ்வரன் அந்த முறையை ஒருநாளும் மீறியதில்லை. காதர் மைதீனைக் கூப்பிட்டார். தாய் யார் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொன்னார். காரணத்தையும் சொன்னார். காதர் மைதீன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறைப்புக்கு அந்தப் பக்கம் போனார். அங்கிருந்து ஜெயப்பிரியா சிரிக்கிற சத்தம் வந்தது. திரும்பி வந்து, சொல்லியாச்சு என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, நல்ல பிள்ளை என்றார்.

போலீஸ் அனுமதி பத்து மணி வரைதான். அதனால் ஆறுக்கே நாடகம் தொடங்கியது. விடிய விடிய நடந்த கதை நாலு மணி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். பபூன் அவசரமாகச் சிரிப்புக் காட்டிவிட்டுப் போனார். ஏழரைக்கு யோகேஸ்வரன் ஜரிகைத் தலைப்பாகையோடு, முத்துப் பை தோளில் தொங்க, திரையை விலக்கிக்கொண்டு வந்தார். சீரியல் நேரம். ஒரு பெண்கூட எழுந்து போகவில்லை.

விருத்தத்தை எடுத்தார். மூன்று வருடமாகச் சென்னையில் தணித்துப் பழகிய தொண்டை. மேல் சுருதிக்கு ஏறும்போது ஒரு நொடி பயம் வந்தது. ஏறிவிட்டது. அங்கேயே நின்றது. காதர் மைதீன் பின்பாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். உக்கிரபாண்டி துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார். முதல் வரிசையில் ராக்கு ஒரு பக்கம் மகளையும் மறுபக்கம் முருகலட்சுமியையும் வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஜெயப்பிரியா வந்தாள். உப்பளத்துக்குள் யாரைக் கேட்டு வந்தீர் என்று ஆரம்பித்தாள். கெட்டிக்காரி. இவர் முத்தைப் புகழ்ந்தார். அவள் உப்பைப் புகழ்ந்தாள். முத்தைச் சோற்றில் போட முடியுமா என்று கேட்டாள். ஜனம் அவள் பக்கம் கைதட்டியது. இவர் அதற்கு ஒரு பாட்டு வைத்தார். ஜனம் இவர் பக்கம் வந்தது. யோகேஸ்வரனுக்குச் சென்னை மறந்துபோயிற்று. பெட்டி மறந்துபோயிற்று. எந்த ஊர் என்று கேட்டாள். கொற்கை என்றார். பேர் கேட்டாள். சொன்னார். தொழில் கேட்டாள். அதையும் சொன்னார்.

அவள் நிறுத்தினாள். அவ்வளவுதான், அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள் என்று யோகேஸ்வரன் மூச்சு விட்டார். ஜெயப்பிரியா போகவில்லை. மேடையோரம் திரும்பிக் காதர் மைதீனைப் பார்த்தாள். காதர் மைதீன் பாண்டிமாதேவி பாட்டின் சுருதியைப் பிடித்து அழுத்தி வைத்திருந்தார். விடவில்லை. அவர் முகம் சிரிப்பில் விரிந்திருந்தது. மறைப்புக்கு அந்தப் பக்கம் போய், அந்தக் கேள்வியை விடாமல் கேள் என்றுதான் அவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்பது யோகேஸ்வரனுக்கு அப்போதுதான் விளங்கியது.

எந்தக் கேள்வி வரப்போகிறது என்று கூட்டத்துக்கும் விளங்கிவிட்டது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள். முருகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். ராக்கு கட்டிய கையை அவிழ்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜெயப்பிரியா மைக்குக்குக் கிட்டே வந்தாள்.

"ஊரைச் சொன்னீர், பேரைச் சொன்னீர், முத்து விற்கிறதாகவும் சொன்னீர். எல்லாம் இருக்கட்டும் வியாபாரியே, உம்மைப் பெற்ற தாய் யாரென்று இந்தச் சபையறியச் சொல்லும் பார்க்கலாம்."